காற்று உண்டு, களம் எங்கே?

கடலில் காற்றாலை அமைக்க இடம் தேர்ந்தெடுப்பது ஏன் இவ்வளவு கடினம்?

'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' என்பது நாம் தொடக்கப்பள்ளியிலேயே படித்த பழமொழி. நெல்லைத் தூற்றக் காற்று மட்டும் இருந்தால் போதாது. சுத்தமான களமும் வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் முகத்தில் பதர் பறக்காதபடி இடம் பார்த்து நிற்கவும் தெரிந்திருக்க வேண்டும். தென்கிழக்காசியா இப்போது தூற்றத் தயாராகிறது. களம் எங்கே என்பதுதான் கேள்வி.

சிங்கப்பூரின் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு, இறக்குமதியாகும் இயற்கை எரிவாயுவிலிருந்து கிடைக்கிறது. இந்த நிலையை மாற்ற, 2035ஆம் ஆண்டுக்குள் அண்டை நாடுகளிலிருந்து ஏறத்தாழ 6 கிகாவாட் குறைந்த கரிம மின்சாரத்தை இறக்குமதி செய்ய அரசாங்கம் இலக்கு வைத்துள்ளது. அது அப்போதைய மின்தேவையில் மூன்றில் ஒரு பங்கை நிறைவுசெய்யும் என்று எதிர்பார்க்கப்படுகிறது.

அதில் ஒரு பகுதி வியட்னாமின் கடல் காற்றிலிருந்து வரக்கூடும். 2023 அக்டோபரில் எரிசக்திச் சந்தை ஆணையம், வியட்னாமிலிருந்து 1.2 கிகாவாட் மின்சாரத்தை இறக்குமதி செய்ய செம்ப்கார்ப் யூட்டிலிட்டீஸ் நிறுவனத்துக்கு நிபந்தனைகளுடன் ஒப்புதல் அளித்தது. ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கம்பிவடம் வழியாக அந்த மின்சாரம் இங்கு வரவேண்டும். 2025 மே மாதம் மலேசியாவின் தெனாகா நேஷனல், பெட்ரோனாஸ் நிறுவனங்களும் இந்த முயற்சியில் கைகோத்தன. வியட்னாமின் மின்சாரத்தை மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் கொண்டுவர முடியுமா என்பதை அவை சேர்ந்து ஆராய்கின்றன.

செய்தியைப் படிக்கும்போது எளிதாகத்தான் தெரிகிறது. கடல் பெரிது, காற்று இலவசம், கம்பிவடத்தைப் போட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். ஆனால் உலகெங்கும் கடல் காற்றாலைத் திட்டங்கள் பல, இயந்திரக் கோளாறால் அல்ல, தவறான இடத்தாலும் தவறான முறையில் இடம் தேர்ந்தெடுத்ததாலும் கவிழ்ந்திருக்கின்றன. அந்தத் தேர்வு எப்படி நடக்கிறது என்பதைப் பார்ப்போம்.

முதல் கேள்வி: காற்று போதுமா?

இயற்பியல் பாடத்தில் ஒரு முக்கியமான விதி உண்டு. காற்றிலிருந்து கிடைக்கும் ஆற்றல் காற்றின் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். வேகம் இரு மடங்கானால் ஆற்றல் இரு மடங்காகாது, எட்டு மடங்காகும். விநாடிக்கு 7 மீட்டர் வேகத்தில் வீசும் காற்றைவிட 9 மீட்டர் வேகத்தில் வீசும் காற்றில் இரண்டு மடங்குக்கும் அதிகமான ஆற்றல் இருக்கிறது. கணிப்பானை எடுத்து நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

சிங்கப்பூரில் ஏன் காற்றாலைகள் இல்லை என்பதற்கும் இதுவே பதில். இங்கு காற்றின் சராசரி வேகம் விநாடிக்கு 2 முதல் 3 மீட்டர்தான். வர்த்தகக் காற்றாலைகளுக்கு ஏறத்தாழ 4.5 மீட்டராவது வேண்டும். விநாடிக்கு 3 மீட்டர் காற்றையும் 9 மீட்டர் காற்றையும் ஒப்பிட்டால், பின்னதில் 27 மடங்கு ஆற்றல் இருக்கிறது. நமது கூரைகளில் சூரியத் தகடுகள் தென்படுவதற்கும் காற்றாடிகள் தென்படாததற்கும் காரணம் அந்த 27 மடங்குதான்.

ஆகவே முதல் வேலை, காற்றை அளப்பது. ஒளிக்கற்றையைக் காற்றில் செலுத்தி வேகத்தைக் கணக்கிடும் 'லைடார்' கருவியை ஒரு மிதவையில் ஏற்றிக் கடலில் நிறுத்துவார்கள். குறைந்தது ஓராண்டுக்கு அது அங்கே மிதக்க வேண்டும். நமது வட்டாரத்தில் வடகிழக்குப் பருவமழைக் காலத்துக் காற்று வேறு, தென்மேற்குப் பருவக் காற்று வேறு, இரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களின் அமைதி வேறு. மூன்று மாதம் மட்டும் அளந்து முடிவெடுப்பது, ஒரே ஒரு தேர்வுத் தாளைப் பார்த்து மாணவரின் ஆண்டு முழுவதையும் மதிப்பிடுவது போன்றது.

இரண்டாம் கேள்வி: தரை தாங்குமா?

உலகின் முதல் கடல் காற்றாலைப் பண்ணை 1991இல் டென்மார்க்கின் விண்டபி கிராமத்துக்கு அருகே அமைந்தது. மொத்தம் 11 காற்றாலைகள். ஒவ்வொன்றும் 450 கிலோவாட். மொத்தத்தில் 5 மெகாவாட்டுக்கும் சற்றுக் குறைவு. கரையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள், ஆழமில்லாத கடலில் அவை நின்றன. 2017இல் அவை கழற்றி எடுக்கப்பட்டன.

இன்று ஒரே ஒரு காற்றாலை 15 மெகாவாட் உற்பத்தி செய்கிறது. அதாவது, விண்டபி பண்ணை முழுவதையும்போல மூன்று மடங்கு. அதன் இறக்கைகள் சுழலும் வட்டத்தின் விட்டம் ஏறத்தாழ 236 மீட்டர். இரண்டு காற்பந்துத் திடல்களை நீளவாக்கில் வைத்தாலும் அந்த வட்டத்தின் குறுக்கே போதாது.

இவ்வளவு பெரிய கோபுரத்தை நிறுத்தக் கடலடித் தரை பொருத்தமாக இருக்க வேண்டும். ஏறத்தாழ 50, 60 மீட்டர் ஆழம் வரை எஃகுத் தூணையோ எஃகுச் சட்டத்தையோ கடல் தரையில் ஊன்றலாம். அதற்கும் கீழே போனால் செலவு ஏறும். அங்கே மிதக்கும் காற்றாலைகள் தேவைப்படும். ஸ்காட்லாந்துக்கு அருகே 2017இல் தொடங்கிய ஹைவிண்ட் பண்ணையில் ஐந்து காற்றாலைகள் அவ்வாறு மிதக்கின்றன. மிதக்கும் தொழில்நுட்பம் வேலை செய்கிறது. ஆனால் விலை இன்னும் அதிகம்.

ஆழம் சரியாக இருந்தாலும் மண் சரியாக இருக்க வேண்டும். களிமண்ணா, மணலா, பாறையா என்பதைத் துளையிட்டுப் பார்ப்பார்கள். ஐரோப்பாவின் வடகடலில், உலகப் போரில் வெடிக்காமல் போன குண்டுகள் கிடக்கின்றனவா என்றும் தேடுகிறார்கள். ஒரு தூண் நிற்கும் இடத்தில் செய்யும் இந்தச் சோதனையை, அடுத்த தூண் நிற்கும் இடத்திலும் திரும்பச் செய்யவேண்டும். தரை எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இருப்பதில்லை.

ஒரு சிறு கணக்கு

1.2 கிகாவாட் என்றால் எவ்வளவு கடல் தேவை? ஒவ்வொன்றும் 15 மெகாவாட் என்றால் 80 காற்றாலைகள் வேண்டும். ஒரு காற்றாலை தன் பின்னால் காற்றின் வேகத்தைக் குறைத்துவிடும். அடுத்ததை நெருக்கமாக வைத்தால் அதற்குக் களைத்துப்போன காற்றே கிடைக்கும். அதனால் இறக்கை விட்டத்தைப்போல் ஏறத்தாழ ஏழு மடங்கு இடைவெளி விடுவதாக வைத்துக்கொள்வோம். அது 1.65 கிலோமீட்டர்.

எனவே ஒவ்வொரு காற்றாலைக்கும் ஏறத்தாழ 2.7 சதுர கிலோமீட்டர் தேவை. எண்பதுக்குப் பெருக்கினால் 218 சதுர கிலோமீட்டர். சிங்கப்பூரின் மொத்த நிலப்பரப்பில் அது ஏறத்தாழ 30 விழுக்காடு.

இதில் ஒரு பொறி இருக்கிறது. காற்று எல்லா நேரமும் முழு வேகத்தில் வீசாது. நல்ல இடத்தில்கூட ஒரு கடல் காற்றாலை ஆண்டு முழுவதும் சேர்த்துப் பார்த்தால் அதன் முழுத் திறனில் ஏறத்தாழ பாதியளவே உற்பத்தி செய்யும். எனவே 1.2 கிகாவாட்டைத் தொடர்ந்து பெற வேண்டுமானால், காற்றாலைகளின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்க வேண்டும் அல்லது வேறு மின்சாரத்தைத் துணைக்குச் சேர்க்க வேண்டும். இரட்டிப்பாக்கினால், தேவைப்படும் கடல் சிங்கப்பூரின் பாதிப் பரப்பைத் தாண்டிவிடும்.

இவ்வளவு கடல் வெறுமனே கிடக்கிறதா? இங்கிருந்துதான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது.

மூன்றாம் கேள்வி: இது யாருடைய கடல்?

ஐக்கிய நாடுகளின் கடற்சட்ட ஒப்பந்தத்தின்படி, கரையிலிருந்து 200 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 370 கிலோமீட்டர் வரை ஒரு நாட்டின் தனிப்பட்ட பொருளியல் மண்டலம். அந்த மண்டலத்தில் நீர், நீரோட்டம், காற்று ஆகியவற்றிலிருந்து ஆற்றல் எடுக்கும் உரிமை அந்த நாட்டுக்கு உண்டு. சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. ஆனால் அந்த நாட்டுக்குள்ளேயே அந்தக் கடலை ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டிருப்பவர்கள் பலர்.

இடம் தேர்ந்தெடுப்பவர்கள் சல்லடை முறையைப் பின்பற்றுகிறார்கள். புவியியல் மாணவர்களுக்கு இது புதிதல்ல. ஒரு வரைபடத்தில் நல்ல காற்று உள்ள பகுதிகளைக் குறிக்க வேண்டும். அதன்மேல் மெல்லிய தாளை வைத்து, ஆழம் அதிகமான பகுதிகளை நீக்க வேண்டும். அடுத்த தாளில் கப்பல் பாதைகள். அடுத்ததில் மீன்பிடிப் பகுதிகள். பிறகு கடற்படைப் பயிற்சிப் பகுதிகள், எண்ணெய்க் குழாய்கள், தகவல் தொடர்புக் கம்பிவடங்கள், பவளப்பாறைகள், பறவைகள் இடம்பெயரும் வழிகள். எல்லாத் தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் எஞ்சும் வெள்ளைப் பகுதிதான் வாய்ப்புள்ள இடம். இன்று இதைக் கணினி செய்கிறது. தர்க்கம் அதேதான்.

ஒவ்வொரு தாளும் ஒரு திட்டத்தைக் கவிழ்க்கக்கூடியது. 2024 நவம்பரில் சுவீடன் அரசாங்கம், பால்டிக் கடலில் முன்மொழியப்பட்ட 13 காற்றாலைப் பண்ணைகளை ஒரே நாளில் நிராகரித்தது. காற்றும் ஆழமும் அங்கு தடையாக இல்லை. காற்றாலைகள் ராடாரைக் குழப்பும், எதிரியின் ஏவுகணையைக் கண்டறியக் கிடைக்கும் நேரம் பாதியாகக் குறையும் என்று ராணுவம் சொன்னது. உக்ரேன் போருக்குப் பிறகு அந்தத் தாள் மற்ற எல்லாத் தாள்களையும்விட கனமாகிவிட்டது.

தைவானின் சாங்ஹுவா கடலோரத்தில் காற்று மிக நன்றாக இருக்கிறது. அதே கடலோரத்தில் நூற்றுக்கும் குறைவான எண்ணிக்கையில் எஞ்சியிருக்கும் வெள்ளை ஓங்கில்கள் வாழ்கின்றன. ஒலியை வைத்தே வழி தேடும் உயிரினம் அது. கடல் தரையில் தூணை அடித்து இறக்கும் சத்தம் அதற்குப் பெரும் ஆபத்து. தூணைச் சுற்றிக் காற்றுக் குமிழிகளைத் திரைபோல் எழுப்பிச் சத்தத்தைக் குறைக்கும் முறை இதற்காகவே பயன்படுகிறது.

நெதர்லாந்தில் இன்னொரு வழி கண்டார்கள். 2023 மே மாதம் ஓர் இரவில், பறவைகள் கூட்டமாக இடம்பெயர்ந்தபோது, வடகடலின் இரண்டு பண்ணைகளில் காற்றாலைகள் நான்கு மணி நேரம் ஏறக்குறைய நிறுத்திவைக்கப்பட்டன. நிமிடத்துக்கு இரண்டு சுற்றுக்கு மேல் அவை சுற்றவில்லை. பறவைகள் எப்போது கடக்கும் என்பதை முன்கூட்டியே கணித்ததால் மின்கட்டமைப்பும் அதற்குத் தயாராக இருந்தது.

இரண்டு பண்ணைகளின் கதை

இடத்தேர்வில் எது முக்கியம் என்பதைப் புரிந்துகொள்ள, அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் அருகருகே உள்ள இரண்டு மாநிலங்களின் அனுபவத்தைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது.

2001இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நான்டக்கெட் கடற்பகுதியில் 130 காற்றாலைகள் அமைக்க ஒரு தனியார் நிறுவனம் திட்டமிட்டது. திட்டத்தின் பெயர் கேப் விண்ட். காற்று நன்றாக வீசும் ஆழமில்லாத திட்டு, கரைக்கு அருகில். பொறியாளரின் கண்ணில் அது அருமையான இடம். நிறுவனமே இடத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பிறகு மக்களிடம் வந்தது.

மக்கள் எதிர்த்தார்கள். கடலோரத்தில் மாளிகை வைத்திருந்த பணக்காரர்கள், காட்சி கெடும் என்றார்கள். செல்வாக்குமிக்க செனட்டர் எட்வர்ட் கென்னடியும் எதிர்த்தவர்களில் ஒருவர். மீனவர்களுக்குத் தொழில் கவலை. வாம்பனோக் பூர்வகுடியினருக்கு, சூரிய உதயத்தை வணங்கும் திசையில் கோபுரங்கள் வருவது ஏற்கத்தக்கதாக இல்லை. ஒவ்வொரு தரப்பின் காரணமும் வேறு. ஆனால் எல்லாரும் ஒரே பக்கத்தில் நின்றார்கள். வழக்குக்கு மேல் வழக்கு. 2010இல் மத்திய அரசாங்கத்தின் ஒப்புதல் கிடைத்தது. அதற்குள் ஒன்பது ஆண்டுகள் போய்விட்டன. 2015இல் மின்சாரம் வாங்க ஒப்புக்கொண்டிருந்த இரண்டு நிறுவனங்களும் விலகின. 2017இல் திட்டமே கைவிடப்பட்டது. ஒரு காற்றாலைகூட நிற்கவில்லை.

பக்கத்து மாநிலமான ரோட் ஐலண்ட் வேறு வழியில் போனது. 2008இல் மாநில அரசாங்கம், ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகத்தின் துணையோடு, முதலில் கடலின் வரைபடத்தைத் தயாரிக்கத் தொடங்கியது. எந்தப் பகுதியில் எப்போது மீன்பிடிக்கிறார்கள் என்பதை மீனவர்களிடமே கேட்டுக் குறித்தார்கள். கப்பல் பாதை, பறவைகள், கடல் தரை எல்லாம் அதில் இடம்பெற்றன. 2010இல் அந்தத் திட்ட ஆவணம் நடப்புக்கு வந்தது. அதன் அடிப்படையில்தான் பிளாக் தீவுக்கு அருகே ஐந்து காற்றாலைகளுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. 2016 டிசம்பரில் அங்கே மின் உற்பத்தி தொடங்கியது. அமெரிக்காவின் முதல் கடல் காற்றாலைப் பண்ணை அதுவே.

இந்த ஒப்பீட்டில் கவனமாக இருக்க வேண்டும். ஐந்து காற்றாலைகளையும் 130 காற்றாலைகளையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. சிறிய திட்டத்தை ஏற்பது எளிது. பிளாக் தீவு மக்களுக்கு நேரடி நன்மையும் இருந்தது. அதுவரை டீசல் இயந்திரங்களை நம்பியிருந்த அந்தத் தீவுக்கு, காற்றாலையோடு சேர்ந்து பெருநிலப்பரப்புடன் கம்பிவட இணைப்பும் கிடைத்தது.

ஆனால் விலையை மட்டும் பார்த்தால் முடிவு தலைகீழாக இருந்திருக்க வேண்டும். ஒப்பந்தப்படி கேப் விண்ட் மின்சாரத்தின் தொடக்க விலை ஓர் அலகுக்கு 18.7 அமெரிக்க சென்ட். பிளாக் தீவில் 24.4 சென்ட். விலை கூடுதலான திட்டம் நின்றது, குறைவானது விழுந்தது. இரண்டுக்கும் இடையில் பெரிய வேறுபாடு வரிசைமுறை. ஓரிடத்தில் வரைபடம் முதலில் வந்தது, நிறுவனம் பிறகு வந்தது. மற்றோரிடத்தில் நிறுவனம் முதலில் வந்தது, வரைபடம் வழக்கு மன்றத்தில் வரையப்பட்டது.

பிளாக் தீவும் தவறுகள் இல்லாத கதை அல்ல. கரையேறும் இடத்தில் கம்பிவடம் போதிய ஆழத்தில் புதைக்கப்படாததால், சில ஆண்டுகளில் அலை மணலை அரித்து அது வெளியே தெரிந்தது. மீண்டும் தோண்டிப் புதைக்க வேண்டியதாயிற்று. இடத்தேர்வு என்பது காற்றாலை நிற்கும் இடம் மட்டுமல்ல, கம்பிவடம் கரையேறும் கடற்கரையும்கூட.

மன்னார் வளைகுடாவின் கேள்வி

இந்தப் பாடம் தமிழ்நாட்டுக்கும் நேரடியாகப் பொருந்தும். கன்னியாகுமரிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடைப்பட்ட கடலில், இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவே குறுகிய வழியில் காற்று வேகமெடுக்கிறது. இந்தியாவிலேயே கடல் காற்றாலைக்கு மிகப் பொருத்தமான பகுதிகளில் இது ஒன்று. இந்திய அரசாங்கம் கடல் காற்றாலைக் கொள்கையை 2015இல் வெளியிட்டது. தமிழ்நாட்டுக் கடலில் 4 கிகாவாட்டுக்கான கடற்பரப்புக் குத்தகை ஏலத்தை 2024 பிப்ரவரியில் அறிவித்தது. 2025இல் அந்த ஏலம் ரத்துசெய்யப்பட்டது.

நல்ல காற்று வீசும் அதே கடலோரத்தில்தான் 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவும் இருக்கிறது. பவளப்பாறைகள் இருக்கின்றன. கடற்புல்லை மேய்ந்து வாழும் ஆவுளியா என்ற கடற்பசு இருக்கிறது. அதைப் பாதுகாக்க, வடக்கே உள்ள பாக் நீரிணைப் பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தமிழ்நாடு அரசு 2022இல் காப்பகமாக அறிவித்தது.

எல்லாவற்றுக்கும் மேலாக மீனவர்கள் இருக்கிறார்கள். தூத்துக்குடி, ராமநாதபுரம், கன்னியாகுமரி மாவட்டங்களில் நாட்டுப்படகிலும் கட்டுமரத்திலும் கடலுக்குப் போகும் குடும்பங்களுக்குக் கடல் வெறும் நீலப் பரப்பு அல்ல. எந்தத் திட்டில் எந்த மாதம் என்ன மீன் கிடைக்கும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். பல இடங்களை அவர்கள் 'பார்' என்று சொல்லித் தனித்தனிப் பெயரிட்டு அடையாளம் வைத்திருக்கிறார்கள். அந்த அறிவு எந்த அரசாங்க வரைபடத்திலும் முழுமையாக இல்லை. செயற்கைக்கோள் படம் பார்த்து 'இங்கு படகுகள் இல்லை' என்று முடிவு செய்தால், சிறிய படகுகள் விடுபட்டுவிடும். பெரிய கப்பல்களைக் கண்காணிக்கும் கருவி நாட்டுப்படகில் இருப்பதில்லை.

தகவல் இல்லாத இடத்தைக் காலி இடம் என்று எண்ணிக்கொள்வது, இடத்தேர்வில் எளிதில் நேரக்கூடிய பெரிய பிழை.

ஏலம் ரத்தானதை வெறும் தோல்வியாகப் பார்க்கத் தேவையில்லை. அடுத்த ஏலம் வருவதற்குள் அந்தக் கடலின் வரைபடத்தை மீனவர்களோடு சேர்ந்து தயாரித்தால், கிடைத்த இந்த இடைவெளி வீணாகாது.

நான்காம் கேள்வி: பணம் யார் போடுவது?

இடம் நன்றாக இருந்தாலும் யாரும் முன்வராமல் போகலாம். 2024 டிசம்பரில் டென்மார்க், வடகடலில் 3 கிகாவாட்டுக்கு ஏலம் விட்டது. கடல் காற்றாலையைக் கண்டுபிடித்த நாடு, உலகின் சிறந்த காற்று. இருந்தும் ஒரு நிறுவனம்கூட விண்ணப்பிக்கவில்லை. வட்டி விகிதமும் எஃகு விலையும் ஏறியிருந்தன. அரசாங்கம் மானியம் எதுவும் தருவதாக இல்லை. பிறகு டென்மார்க் தன் விதிமுறைகளை மாற்றி, மானியத்துடன் மீண்டும் ஏலத்துக்குச் சென்றது.

இடத்தேர்வு செலவை முடிவுசெய்கிறது. கரையிலிருந்து தூரம் கூடக் கூடக் கம்பிவடச் செலவு கூடும். ஏறத்தாழ 100 கிலோமீட்டரைத் தாண்டினால் வழக்கமான மாறுதிசை மின்னோட்டத்தைக் கடலடியில் அனுப்புவது இழப்பில் முடியும். நேர்திசை மின்னோட்டமாக மாற்றி அனுப்ப வேண்டும். அதற்கு இரு முனைகளிலும் பெரிய மாற்று நிலையங்கள் தேவை. வியட்னாமிலிருந்து சிங்கப்பூருக்கு வரும் 1,000 கிலோமீட்டர் அப்படிப்பட்டதுதான். அருகில் ஆழமான துறைமுகமும் வேண்டும். நூறு மீட்டரைத் தாண்டிய இறக்கையைச் சாலையில் கொண்டுபோக முடியாது.

இந்த விஷயத்தில் வியட்னாமுக்கு ஒரு பலம் உண்டு. அதன் வுங் தாவ் துறைமுக நகரில், எண்ணெய்த் துறையில் அனுபவம் பெற்ற பிடிஎஸ்சி நிறுவனம், தைவானின் காற்றாலைகளுக்கு 33 அடித்தளச் சட்டங்களைத் தயாரிக்கும் ஒப்பந்தத்தை 2023இல் பெற்றது. செம்ப்கார்ப்பின் பங்காளியும் அதே நிறுவனம்தான். கடலில் ஆய்வு செய்ய 2023 ஆகஸ்டில் அதற்கு அனுமதி கிடைத்தது.

பலவீனமும் உண்டு. 2030க்குள் 6 கிகாவாட் கடல் காற்றாலை என்று வியட்னாம் 2023இல் இலக்கு வைத்தது. எந்தக் கடற்பகுதி யாருக்கு, எந்த விலைக்கு, எந்தச் சட்டத்தின்கீழ் என்ற விதிகள் அந்த வேகத்தில் வரவில்லை. ஐரோப்பாவின் பெரிய காற்றாலை நிறுவனமான ஓர்ஸ்டெட் 2023இல் அங்கு தன் திட்டங்களை நிறுத்திவைத்தது. நார்வேயின் ஈக்வினோர் 2024இல் வெளியேறியது. இலக்கின் காலமும் பின்னர் 2030 முதல் 2035 வரை என்று தளர்த்தப்பட்டது.

நெதர்லாந்து இந்தச் சிக்கலை வேறுவிதமாகக் கையாண்டது. அரசாங்கமே இடத்தைத் தேர்ந்தெடுத்து, காற்றையும் மண்ணையும் அளந்து, முடிவுகளை எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவில் வெளியிடுகிறது. கரைக்கு மின்சாரம் கொண்டுவரும் கம்பிவடத்தை அரசுக்குச் சொந்தமான டென்னட் நிறுவனம் போடுகிறது. தனியார் நிறுவனம் காற்றாலையை மட்டும் கட்டினால் போதும். ஒரே இடத்தைப் பத்து நிறுவனங்கள் பத்து முறை அளக்கும் வீண் செலவு அதனால் மிச்சமாகிறது. மக்களின் எதிர்ப்பு இருந்தால் அதை முதலிலேயே சந்திக்க வேண்டியது அரசாங்கத்தின் பொறுப்பாகிறது.

நமக்கு என்ன?

மின்சாரம் வாங்குபவர்கள் என்ற முறையில் நமக்கும் இதில் பொறுப்பு உண்டு. தெற்கு வியட்னாமின் கடலோரத்தில் பான் தியேட் போன்ற ஊர்கள் மீனையும் மீன் சாற்றையும் நம்பி வாழ்கின்றன. அந்தக் கடலில் காற்றாலை நின்று, அதன் மின்சாரம் நமது வகுப்பறைகளின் குளிர்சாதனத்தை இயக்கினால், இழப்பு ஓரிடத்திலும் வசதி வேறிடத்திலும் இருக்கும். 'தூய்மையான மின்சாரம்' என்று சொல்லும்போது, கரிம அளவோடு சேர்த்து, அந்த மீனவருக்கு மாற்று ஏற்பாடு செய்யப்பட்டதா என்பதையும் கேட்க வேண்டும்.

அதற்காகக் காற்றாலையே வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. எரிவாயுவைத் தொடர்ந்து எரித்தால் கடல் வெப்பமடையும், பவளப்பாறைகள் வெளிறும், மீன் வளமும் குறையும். அந்த இழப்பும் அதே மீனவரின் தலையில்தான் விழும். எனவே கேள்வி காற்றாலை வேண்டுமா வேண்டாமா என்பதல்ல. எங்கே, எப்படி, யாரைக் கேட்டு என்பதே கேள்வி.

ஒரு கடல் காற்றாலைப் பண்ணை, முதல் ஆய்விலிருந்து முதல் மின்சாரம் வரை பெரும்பாலும் ஏழு முதல் பத்து ஆண்டுகள் எடுக்கும். இன்று உயர்நிலைப் பள்ளியில் படிப்பவர்கள் வேலைக்குச் செல்லும் காலத்தில்தான் இந்த வட்டாரத்தின் முதல் பெரிய பண்ணைகள் சுழலும். அவற்றுக்குப் பொறியாளர்கள் மட்டும் போதாது. கடல் வரைபடம் வரையும் புவியியலாளர், ஓங்கிலின் ஒலியைப் படிக்கும் உயிரியலாளர், கடற்சட்டம் தெரிந்த வழக்கறிஞர், மீனவரின் மொழியில் பேசி அவர் சொல்வதைப் பதிவு செய்யத் தெரிந்தவர் எல்லாரும் வேண்டும்.

காற்று வருவதற்கு முன்பே களத்தைப் பெருக்கி வைப்பார் நல்ல உழவர். காற்று வந்த பிறகு களம் தேடினால், நெல்லும் பதரும் சேர்ந்தே பறக்கும். கேப் விண்ட் பதினாறு ஆண்டுகள் செலவழித்துக் கற்றுக்கொண்டது அதைத்தான்.

வகுப்பில் விவாதிக்க

1. விநாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் வீசும் காற்றில், 4 மீட்டர் வேகக் காற்றைவிட எத்தனை மடங்கு ஆற்றல் உள்ளது?

2. காற்றாலைக்கான இடத்தை அரசாங்கம் தேர்ந்தெடுப்பது நல்லதா, நிறுவனங்களே தேர்ந்தெடுப்பது நல்லதா? கட்டுரையில் உள்ள இரண்டு எடுத்துக்காட்டுகளைக் கொண்டு விளக்குக.

3. சல்லடை முறையில் நீங்கள் எந்தத் தாளை முதலில் வைப்பீர்கள்? ஏன்? உங்கள் நண்பர் வேறு வரிசையைச் சொன்னால், அவருடைய வரிசையால் யாருக்கு நன்மை, யாருக்கு இழப்பு என்று ஆராய்க.